நாலாம் மாடியில் அறுபது லீற்றர்

வீதியைக் கடந்தால் தண்டவாளம்,
தண்டவாளத்தைக் கடந்தால் கடல்.
ஆனாலும் நான் தெஹிவளைக் கடையொன்றில்
உப்புக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறேன்.

"அந்தத் தண்ணி வாணாம்" என்றார் இம்தியாஸ்.
"கால்வாய் வந்து உழுற இடம்.
வெள்ளவத்தைக் குசினி எல்லாம் அதுக்குள்ளதான் ஈக்கி."
வெளிநாட்டு வாளியைத் தட்டிக் காட்டினார்.
எங்கள் யன்னல் கம்பிகளைத் தின்று தீர்த்த உப்பு இலவசம்.
இது காசுக்கு.

லிப்ட் பழுதான நாளில் தொட்டி வந்தது.
தூக்கி வந்த பையன் மூச்சு வாங்கியபடி
"மீன் எங்க அண்ணை?" என்றான்.
அன்று தொடங்கிய கேள்வி.

கரைத்தேன். கலங்கி, இரவோடு தெளிந்தது.
ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு.
ஒன்று தசம் பூச்சியம் இரண்டு ஐந்து.
வங்கியில் இருபது வருடமாக எண் பார்க்கிறேன்,
ஓர் எண்ணுக்காகக் கை நடுங்கியது இதுதான் முதல்.

பிறகு ஒன்றும் இல்லை.
கல், தண்ணீர், மோட்டார்ச் சத்தம்.
வந்தவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக் குனிந்து
"வடிவாயிருக்கு" என்று கல்லுக்குச் சொல்லி
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் பொறுக்கவில்லை.
நீலச் சிறுமீன் ஒன்று வாங்கினேன்.
வேறு கடையில்.
இம்தியாஸ் தந்திருக்க மாட்டார்.
இரண்டு இரவு இருந்தது.
மூன்றாம் காலை வடிகட்டி வாயில் ஒட்டிக் கிடந்ததை
நெருப்புப்பெட்டியில் வைத்துக்கொண்டு
வீடெல்லாம் நடந்தேன். நாலாம் மாடியில் மண் ஏது?
தர்மினி பேசாமல்
பல்கனிக் கறிவேப்பிலைச் சாடியைக் காட்டினாள்.
அந்த மாதம் முழுக்கப் பருப்பில் கிடந்த இலைகளை
ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தேன்.

சோதனைக் குழாயில் பச்சை என்றால் நஞ்சு.
பச்சை. மறுபடி பச்சை. இளம்பச்சை.
முப்பத்துநாலாம் நாள் மஞ்சள்.
கண்ணுக்குத் தெரியாத யாரோ
கல்லின் துளைகளுக்குள் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்,
சம்பளம் இல்லாமல், லீவு இல்லாமல்.

மணலில் பழுப்புப் படிந்தது. பயந்து அழைத்தேன்.
"வரும், போகும்" என்றார். ஆறு நத்தைகள் தந்தார்.
விசிறியை வைத்தால் சூடு குறைகிறது, தண்ணீரும் குறைகிறது.
குறைந்த இடத்துக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தேன்,
முட்டாள்.
போவது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கும் போவதில்லை.
நாளுக்கு ஒரு லீற்றர் நன்னீர் ஊற்றினால் போதும்.
இந்த ஒரு வரியைச் சொல்ல
அவருக்கு மூன்று தொலைபேசி அழைப்பு ஆனது,
எனக்கு இரண்டு நத்தைகள்.

பிறகு பொத்தான் பவளம், பதினொரு தலை.
நான்கு நாள் கைமுட்டி போல மூடிக் கிடந்து
ஐந்தாம் நாள், நான் சப்பாத்துக் கட்டும் நேரம் பார்த்து,
ஒன்று திறந்தது.
அன்று வங்கிக்கு நாற்பது நிமிடம் பிந்தினேன்.
கோமாளி மீனும் வந்தது.
பவளத்தை ஏறெடுத்தும் பார்க்காமல்
வெப்பமானியோடு ஒட்டித் தூங்குகிறது.

நேற்றிரவு ஒன்று பத்துக்குக் கரண்ட் போனது.
மோட்டார் நின்ற அமைதியில்தான் விழித்தேன்.
மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.
சுண்டுக் கோப்பையை எடுத்தேன்.
அள்ளி, முழ உயரத்திலிருந்து ஊற்றினேன்.
அள்ளி ஊற்றினேன்.
தர்மினி டோர்ச் பிடித்தாள்,
பிறகு அவள் அள்ள நான் பிடித்தேன்.
வீதிக்கு அப்பால் இதே வேலை
யாரும் விழித்திருக்காமலே நடந்துகொண்டிருந்தது.
முந்நூறு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணவில்லை.

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது.
குளிர்சாதனப் பெட்டி உறுமியது, கீழ்வீட்டு வானொலி அலறியது.
அப்படியே தரையில் தூங்கிவிட்டோம்.

காலையில், கவுண்டரில், கையொப்பம் சரிபார்க்கையில்
மணிக்கூட்டு வாருக்குக் கீழே
மெல்லிய வெள்ளைக் கோடு.
நகத்தால் சுரண்டினேன்.
கொஞ்சம் மிச்சம் வைத்தேன்.